தாய்மாமன் போட்ட தோடு

டாக்டர் அக்னஸ் குழந்தையின் தலையைச் சற்றே திருப்பி, காதுக்குப் பின்னால் ஒரு விரலை வைத்துப் பார்த்தார். பிறகு மற்றக் காதைப் பார்த்தார். கையுறையைக் கழற்றி மேசைமேல் போட்டுவிட்டு, "யாரு காது குத்துனது?" என்று கேட்டார்.

குரல் உயரவில்லை. அதுதான் குணாளனுக்குப் பயம். சுங்கைப்பட்டாணியில் இருபது வருடமாகக் கடை வைத்திருப்பவன் அவன். கத்துகிற வாடிக்கையாளரை ஒரு தே தாரேக் டீ வாங்கிக் கொடுத்து வழிக்குக் கொண்டுவந்துவிடலாம். சத்தம் போடாமல் சாமானைத் திரும்பக் கீழே வைக்கிறவர் அந்தத் தெருப்பக்கமே அப்புறம் வரமாட்டார்.

"தாய்மாமன் மடியில உக்கார வச்சுக் குத்துனோம் டாக்டர்," என்றாள் அவன் தங்கை ஷாமளா. "மெர்போக் முருகன் கோயில்ல. ஒம்பது நாளாச்சு."

"ஒம்பது நாளா. நாளைக்குத் திங்கக்கிழமை ஆப்பரேசன். அதுவும் இந்தக் காதுல."

ஷாமளாவின் மகள் கவிஷா, நான்கு வயது, அப்பா மடியில் உட்கார்ந்து காதைச் சொறியப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா யோகேந்திரன், செம்பனை ஆலையில் ஃபோர்மேன், அந்தச் சின்னக் கையைப் பிடித்து வைத்திருந்தான். இரண்டு காது மடலும் வேகவைத்த பலாக்கொட்டை போல வீங்கி, நீர் வடிந்து, செம்மை காதுக்குப் பின்னால்வரை படர்ந்திருந்தது. வியாழக்கிழமை கொஞ்சம் சிவந்தபோது மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் போட்டார்கள். காது குத்தினால் வீங்காதா என்ன என்று இருந்துவிட்டார்கள். சளி இருக்கக் கூடாது, காய்ச்சல் இருக்கக் கூடாது என்று மருத்துவமனைத் தாளில் பதினோரு கட்டளை அச்சடித்திருந்தது. காது குத்தக் கூடாது என்று ஒரு வரி இல்லை. காதில் அறுவை செய்யப்போகிற குழந்தைக்கு அதற்கு முந்தின வாரம் யாராவது காது குத்துவார்கள் என்று எந்த டாக்டருக்குத்தான் தோன்றும்?

"நான் வெட்டப்போற இடத்துக்கு ஒரு விரல் தள்ளி இப்படி இருக்கு," என்றார் டாக்டர். "கிருமி உள்ள போனா மூளை வரைக்கும் போகலாம். நான் கத்தி வைக்க மாட்டேன்."

"ஒரு வாரம் கழிச்சு வந்தா டாக்டர்?" என்றான் யோகேந்திரன்.

"ஒரு வாரம் கழிச்சு நான் இருப்பேன். மெசின் இருக்காது."

ஷாமளா கவிஷாவைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

அந்த மெசினை அவர்கள் போன செவ்வாய்க்கிழமைதான் பார்த்திருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து இந்த அலோர்ஸ்டார் மருத்துவமனைக்கு இரவலாக வந்தது. நான்கு நாளில் ஐந்து குழந்தைகளின் காதுக்குள் கேட்கும் கருவி வைத்துவிட்டு வெள்ளிக்கிழமை காலை பெட்டி கட்டி அனுப்ப வேண்டும். குழந்தைகள் இல்லாமல் குடும்பங்களை மட்டும் கூப்பிட்டு, ஒரு பிளாஸ்டிக் காதை வைத்துச் செய்து காட்டினார் டாக்டர். ரோபோ என்றதும் குணாளன் இரண்டு கை, ஒரு தலை, நெற்றியில் ஒரு விளக்காவது இருக்கும் என்று நினைத்து, படமெடுக்கக் கைப்பேசியைத் தயாராக வைத்திருந்தான். வந்ததோ தையல் மெசினின் கழுத்தைப் போல ஒரு கரம். அதன் நுனியில் மயிரைவிடக் கொஞ்சம் தடித்த ஒரு கம்பி. அவ்வளவுதான்.

"காதுக்குள்ள நத்தை ஓடு மாதிரி ஒண்ணு இருக்கு," என்று அன்று டாக்டர் விளக்கினார். "அதுக்குள்ள இந்தக் கம்பி சுருண்டு போகணும். நான் எவ்வளவு நிதானமா தள்ளுனாலும் கை கைதான். மூச்சு விட்டா ஆடும். உள்ள மிச்சமிருக்கிற மெல்லிசு நரம்பு நசுங்கிடலாம். நான் வழியைத் திறந்து குறி வச்சுக் கொடுப்பேன். தள்ளுற வேலை மட்டும் இதுக்கு. இதுக்கு மூச்சு கிடையாது."

ஐந்து குடும்பமும் குனிந்து பார்த்தது. ஒரு நிமிடம் போயிற்று.

"சுவிட்ச் போடலியா டாக்டர்?" என்று கேட்டான் குணாளன்.

"ஓடிக்கிட்டுதான் இருக்கு."

"எங்க ஓடுது?"

"ஒரு நொடிக்கு ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு. முழுசா உள்ள போக நாலு நிமிசம்."

குணாளன் அதிர்ந்து போனான். பேசிக் கலைக்க முடியாது, தோளில் தட்டிச் சிரிக்க முடியாது, 'சரிலா, கடைசியா சொல்லு' என்று நெருக்க முடியாது. இப்படி ஒன்று உலகத்தில் இருப்பதே அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.

கவிஷாவுக்குக் காது முழுக்கச் செத்துவிடவில்லை. இடி இடித்தால் திரும்புவாள். ஷாமளா அந்தக் காதில் உதட்டை ஒட்டவைத்து அடித்தொண்டையில் முனகினால் கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பாள். இவ்வளவுதான் இருப்பு. கையால் கம்பியை வைத்தாலும் பேச்சு, பாட்டு எல்லாம் அந்தக் கருவி வழியாகக் கேட்கும், ஆனால் அந்த மிச்சம் போய்விடக்கூடும். ரோபோ தள்ளினால் அது தங்குவதற்கு வாய்ப்பு அதிகம். டாக்டர் அப்படிச் சொன்ன நாளிலிருந்து ஷாமளா வேறு எதையும் பேசவில்லை. அந்த முனகல் ஒன்றுதான் அவளும் மகளும் பேசிக்கொண்ட பாஷை.

"ரத்தம் எடுத்திருக்கோம். மத்தியானம் பார்த்துச் சொல்றேன்," என்றார் டாக்டர் இப்போது. "இந்தத் தோடு என்ன தோடு?"

"சுத்தத் தங்கம் டாக்டர். நைன் ஒன் சிக்ஸ். எங்கண்ணன் போட்ட சீரு," என்றாள் ஷாமளா. கண்ணில் நீர் நின்றது. ஆனாலும் அந்தக் கடைசி வார்த்தையில் ஒரு நிமிர்வு இருந்தது.

"தங்கம்னா தோலுக்கு ஒத்துக்காமப் போறது ரொம்ப அபூர்வம். அப்ப கிருமிதான்."

டாக்டர் அதைத் தாளில் எழுதினார். மலாய் நர்ஸ் மிஸ்ஸி குழந்தையைப் பிடித்துக்கொண்டு தோடுகளைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் போட்டாள். கவிஷா வாய்விட்டு அழுதாள். நடுவில் சிவப்புக் கல், சுற்றி ஆறு இதழ். கிண்ணத்தில் கிடந்த அந்த இரண்டையும் குணாளன் பார்க்கவில்லை. சுவரில் இருந்த கை கழுவும் படத்தை, ஏழு படிகளையும், வரிசையாகப் படித்தான்.

அந்தச் சாமானின் அட்டை எண் அவனுக்கு மனப்பாடம். அவன் கடையின் இடது பக்கக் கண்ணாடிப் பெட்டியில், மேலிருந்து மூன்றாவது தட்டு. புடவை, பூஜைச் சாமான், கவரிங் நகை விற்கிற கடை. தோடு வந்தது அங்கிருந்துதான்.

முழுக் கதைக்கும் பிள்ளையார் சுழி மூன்று வருடம் முன்பு யோகேந்திரன் போட்டது. கவிஷாவுக்கு ஒரு வயதில் காதுகுத்து வைத்தபோது, தாம்பூலத் தட்டோடு வீட்டுக்கு வந்து தாய்மாமனை அழைக்காமல் வாட்சாப்பில் அட்டையை அனுப்பிவிட்டான். கூடவே ஒரு கைகூப்பும் படம். "நான் தாய்மாமனா, பீட்சா கொண்டுவர்றவனா?" என்று குணாளன் போகவில்லை. தாய்மாமன் மடி இல்லாமல் ஊசி எடுக்க ஆசாரி மறுத்தார். பந்தலில் பிரியாணி மட்டும் நடந்தது. அதற்கப்புறம்தான் பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்பது தெரிய வந்தது. யாரும் அதை இதோடு முடிச்சுப் போட்டு வாய்விட்டுப் பேசவில்லை. மனத்துக்குள் போட்டார்கள்.

ஆப்பரேசன் தேதி வந்ததும் யோகேந்திரன் தட்டோடு வந்தான். வாழைப்பழச் சீப்பு, வெற்றிலை, பாக்கு, ஒரு டின் பிஸ்கட். "மச்சான், குத்தாத பச்சைக் காதோட புள்ளைய அந்த மேசையில படுக்க வைக்க ஷாமளாவுக்கு மனசு வரல," என்றான். குணாளனுக்கு அந்த நிமிடம் மலையே கையில் வந்தது போலிருந்தது. அவனே முருகன் கோயிலில் நாள் குறித்தான். அவனே ஆசாரிக்குச் சொன்னான். தோடு வாங்கப் பொற்கடைக்கும் போனான். அங்கே பலகையில் எழுதியிருந்த அன்றைய விலையைப் பார்த்துவிட்டு வெளியே வந்து நின்றான். தங்கம் இறங்கும், இரண்டு மாதத்தில் இறங்கும் என்று பசாரில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தீபாவளிக்குள் அசல் தோடு வாங்கி, யாருக்கும் தெரியாமல் மாற்றிவிடலாம். அதுவரை இது. ஏமாற்றுவதாக அவன் நினைக்கவில்லை. தள்ளிப்போடுவதாகத்தான் நினைத்தான். வியாபாரிக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் நிறைய இடம் உண்டு.

கோயிலில் ஆசாரி சின்னையா தோட்டை உள்ளங்கையில் வாங்கி ஒரே ஒரு முறை தூக்கிப் பார்த்தார். திகாம் பத்துவில் நாற்பது வருடம் நகை செய்தவருக்கு அது போதும். தலையை நிமிர்த்திக் குணாளனைப் பார்த்தார். குணாளன் கோபுரத்தைப் பார்த்தான். சின்னையா ஒன்றும் சொல்லாமல் தோட்டைச் சந்தனத்தில் தொட்டார்.

மருத்துவமனை உணவகத்தில் யாரும் சாப்பிடவில்லை. யோகேந்திரன் கைப்பேசியை எடுத்தான்.

"யாருக்கு அடிக்கிறீங்க மாப்பிள்ள?" என்றான் குணாளன்.

"அந்த ஆசாரிக்குத்தான். ஊசிய சுட்டாரா இல்லையான்னு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும்."

"இப்ப எதுக்குலா அது. பெரிய மனுசன்."

"பெரிய மனுசன்னா ஊசிய சுட வேணாமா?" என்று யோகேந்திரன் ஸ்பீக்கரை அழுத்தி மேசைமேல் வைத்தான்.

"சொல்லுங்க தம்பி. பாப்பா எப்படி இருக்கு?" என்றது சின்னையாவின் குரல்.

"காது ரெண்டும் வீங்கி ஆப்பரேசன் நின்னுபோச்சுண்ணே. ஊசிய சுட்டீங்களா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க."

"சுட்டேன் தம்பி. சுடாம எடுப்பேனா? ஸ்பிரிட்டுலயும் துடைச்சேன்." கொஞ்சம் நின்று, "ஆப்பரேசன் நின்னுபோச்சா?" என்றார்.

"நின்னுபோச்சு. ஊசி சுத்தம்னா அப்புறம் எதனாலண்ணே இப்படி வீங்கும்?"

மறுமுனையில் ஒரு மோட்டார் சைக்கிள் கடந்து போகிற சத்தம். குணாளன் கண்ணை மூடிக்கொண்டான். ஒரு வார்த்தை. அந்த மனிதர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லிவிடுவாரோ என்று பயந்தான். சொல்லித் தொலைத்தால் தேவலை என்றும் நினைத்தான்.

"பக்கத்துல யாரு தம்பி இருக்கா?"

"எல்லாரும்தான் இருக்கோம். மச்சானும் இருக்காரு."

நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. "சரி தம்பி. வயசாச்சு, கண்ணு மங்கல். சரியா சுடாம விட்டிருப்பேன். என் தப்புதான். மன்னிச்சிருங்க. மாரியாத்தா பாப்பாவ காப்பாத்தட்டும்."

யோகேந்திரன் அதற்குப் பிறகு பேசியதை எழுத முடியாது. அவன் பேசி முடிக்கும்வரை சின்னையா "ஆமா தம்பி, ஆமா தம்பி" என்றே கேட்டுக்கொண்டிருந்தார்.

குணாளன் கல்லாய்ச் சமைந்து போய் உட்கார்ந்திருந்தான். வருகிற வாடிக்கையாளர்களைச் சின்னையாவிடம் அனுப்புகிறான் என்பதுதான் அந்த மனிதருக்கு அவன் செய்த நன்மை. அதற்கு இவ்வளவா? எதையும் அடித்துப் பேசி வாங்கியே பழகியவன். கேட்காமலே இவ்வளவு பெரிய சலுகை கிடைத்ததும் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"ஒத்துக்கிட்டாரு பாருங்க," என்றான் யோகேந்திரன். "வாங்க, டாக்டர்கிட்ட சொல்லிடலாம்."

அப்போதுதான் குணாளனுக்கு இரண்டாவது அதிர்ச்சி. தன்னைக் காப்பாற்றச் சொன்ன பொய் நேரே டாக்டரின் தாளுக்குப் போகப்போகிறது.

இரண்டு மணிக்கு டாக்டர் அவர்களை உள்ளே கூப்பிட்டார். யோகேந்திரன் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, ரத்தப் பரிசோதனைத் தாளை மேசைமேல் விரித்தார்.

"உண்மையைச் சொன்னா எனக்குக் காலையிலிருந்து ஒரு உறுத்தல். ரத்தம் சுத்தமா இருக்கு. காய்ச்சல் இல்ல. ரெண்டு காதும் அளந்து வச்ச மாதிரி ஒரே வீக்கம். ஒத்துக்காத உலோகம் பட்டாதான் பெரும்பாலும் இப்படி வரும். அது கிருமி இல்ல, தோலோட கோபம். கழட்டிட்டு மருந்து போட்டா மூணு நாலு நாள்ல அடங்கிடும். அப்படின்னா வியாழக்கிழமை கடைசி இடத்துக்கு மாத்திப் பார்க்கலாம்னு நினைச்சேன்." ஷாமளா நாற்காலி நுனிக்கு வந்தாள். "ஆனா தங்கம்ங்கிறீங்க. குத்துனவரும் ஊசிதான்னு ஒத்துக்கிட்டாரு. ஊசின்னா கிருமி, கிருமின்னா ஒரு மாசம். சந்தேகத்தை வச்சுக்கிட்டு ஒரு குழந்தையோட மண்டையைத் திறக்க என்னால முடியாதும்மா. உங்க இடத்தை வெயிட்டிங் லிஸ்ட்ல அடுத்த குழந்தைக்குக் கொடுத்துடறேன். இவளுக்கு அடுத்த மாசம் நானே கையால வைக்கிறேன்."

"கையால வச்சா இருக்கிறது போயிடுமே டாக்டர்," என்றாள் ஷாமளா.

"போகலாம். போகாமலும் இருக்கலாம். மன்னிக்கணும்."

டாக்டர் தொலைபேசியை எடுத்து எண்ணை அழுத்த ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. குணாளன் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். கவிஷா அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்திருந்தாள். ஷாமளா தன்னை அறியாமல் அவள் காதருகே வாயைக் கொண்டுபோனாள். புண்ணைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். தொடக்கூட முடியவில்லை.

"கவரிங்," என்றான் குணாளன்.

யாருக்கும் புரியவில்லை. "என்னண்ணே?" என்றாள் ஷாமளா.

"தோடு. தங்கம் இல்ல. நம்ம கடை சாமான்."

டாக்டரின் விரல் நின்றது. "அடியில என்ன உலோகம்?"

"செம்பு. அதுமேல நிக்கல். அதுக்கு மேல தங்கத் தண்ணி." வாடிக்கையாளருக்குச் சொல்வதுபோல் வரிசையாக வந்தது. தன் வாயிலிருந்து இத்தனை சரளமாக வருவதைக் கேட்டு அவனுக்கே உடம்பு கூசியது. கைப்பேசியைத் திறந்து, மொத்த வியாபாரி அனுப்பியிருந்த படத்தைத் தேடி எடுத்து மேசைமேல் வைத்தான். ஆறு இதழ், சிவப்புக் கல், குழந்தைகளுக்கானது. கீழே பொடி எழுத்தில் உலோகத்தின் பெயர். "சின்னையா மேல தப்பு இல்ல டாக்டர். அவருக்குத் தெரியும். எனக்காகத்தான் அப்படிச் சொன்னாரு. ஊசி சுத்தம்."

டாக்டர் கிண்ணத்தை எடுத்து, தோட்டின் தண்டை ஒரு பிளேடால் சுரண்டினார். மஞ்சளுக்கு அடியிலிருந்து வெள்ளை எட்டிப் பார்த்தது. அதைப் பார்க்க யோகேந்திரனும் குனிந்தான்.

"காலையில கேட்டேனே," என்றார் டாக்டர். திட்டவில்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டார். "உங்க முன்னாலதானே கேட்டேன்."

குணாளன் மேசைமேலிருந்த கைப்பேசியைக் குப்புறக் கவிழ்த்தான்.

யோகேந்திரன் மெல்ல நிமிர்ந்தான். "அந்த மனுசன நான் என்னென்ன பேசிட்டேன்," என்றான். பிறகு குணாளனைப் பார்த்து, "வாட்சாப்புல கூப்பிட்டா மரியாத இல்லன்னு மூணு வருசம் வராதவரு மச்சான் நீங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு, கைப்பேசியோடு வெளியே போனான். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவன் காதில் அதை வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து குனிந்து பேசுவது தெரிந்தது.

ஷாமளா அண்ணனைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தான். அழுவாள் என்று நினைத்தான். அவள் குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு, அவன் பக்கத்து நாற்காலியிலிருந்து எழுந்து எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தாள்.

"வியாழக்கிழமை கடைசி இடம் பாலிங் குழந்தையோடது," என்றார் டாக்டர். "அவங்க நாளைக்கே வர ஒத்துக்கிட்டா மாத்தலாம். சீழ் இருக்கான்னு பஞ்சுல தொட்டு டெஸ்டுக்கு அனுப்புறேன், புதன்கிழமை தெரிஞ்சிடும். அன்னைக்குச் சாயங்காலம் தோல் காஞ்சிருந்தா மறுநாள் செய்வேன். காயலன்னா இல்ல. இதுல என்கிட்ட வந்து யாரும் பேசக் கூடாது." கடைசி வாக்கியம் யாருக்கு என்பதில் யாருக்கும் ஐயமில்லை. "உள்ள வைக்கிறது பிளாட்டினமும் டைட்டானியமும். நிக்கல் கிடையாது. பயப்படாதீங்கம்மா."

பாலிங் குடும்பத்துக்குப் ஊரிலிருந்து வரப் புதன்கிழமைதான் காடி, அதாவது வண்டி, கிடைக்கும் என்றார்கள். குணாளன் கேட்காமலே தன் வேனை எடுத்துக்கொண்டு கிளம்பினான். ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து போகிற அந்தச் சாலையில் போகும்போதும் வரும்போதும் அவன் வானொலியைப் போடவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத குடும்பம் "எவ்வளவு நல்ல மனசு அண்ணே உங்களுக்கு" என்று நாலு தடவை சொன்னது. ஒவ்வொரு தடவையும் கன்னத்தில் விழுந்த மாதிரி இருந்தது.

புதன்கிழமை மாலை டாக்டர் விளக்கடியில் வெகுநேரம் பார்த்தார். டெஸ்டில் சீழ்க்கிருமி இல்லை. செம்மை காதுக்குப் பின்னாலிருந்து விலகி, மடலில் மட்டும் பழைய காசின் நிறத்தில் உலர்ந்து கிடந்தது. "செய்யலாம்," என்றார்.

வியாழக்கிழமை பத்தரை மணிக்குக் கதவு மூடியது. குணாளன் நடையின் கடைசி நாற்காலியில், அவர்களிடமிருந்து ஆறு நாற்காலி தள்ளி உட்கார்ந்தான். உள்ளே மண்டையோட்டில் வழி திறக்கவே ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த நாலு நிமிடம் எப்போது வரும் என்று தெரியாது. தெரியாததால் எல்லா நிமிடத்தையும் அந்த நிமிடமாகவே வைத்துக்கொண்டு மூச்சை அடக்கி அடக்கி விட்டான். தான் மூச்சு விட்டால் உள்ளே கம்பி ஆடும் என்பதுபோல.

பகல் ஒரு மணி கடந்து டாக்டர் வெளியே வந்தார். நெற்றியில் தொப்பியின் தடம் பதிந்திருந்தது.

"முழுசா உள்ள போயிருச்சு. வைக்கும்போதே சத்தம் கொடுத்து அளந்துக்கிட்டே இருந்தோம். நடுவுல ஒரு தடவ அளவு இறங்குச்சு. மெசினை நிறுத்திட்டு இருபது நொடி காத்திருந்தோம். தானா ஏறுச்சு. மறுபடி தள்ளுனோம். மிச்சம் இருந்தது இப்போதைக்கு அப்படியே இருக்கு. இனி வர்ற வாரங்கள்ல பார்க்கணும்."

"கையா இருந்தா டாக்டர்?" என்றான் யோகேந்திரன்.

டாக்டர் யோசித்தார். "என் கைக்கு அவ்வளவு மெல்ல நிறுத்தத் தெரியாது," என்றார்.

ஷாமளா சுவரோடு சுவராகச் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். யோகேந்திரன் அவளைத் தூக்கி நிறுத்தினான். குணாளன் எழுந்தான். ஆனால் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்ற இடத்திலேயே நின்றான்.

குழந்தை மயக்கம் தெளிய ஒரு மணி நேரமாகும், ஒருவர் மட்டும் பக்கத்தில் இருக்கலாம் என்றாள் மிஸ்ஸி. யோகேந்திரன் உள்ளே போனான். ஷாமளா நடையைக் கடந்து குணாளனிடம் வந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல்முறை.

"அண்ணே."

"சொல்லும்மா."

இடது கையிலிருந்த இரண்டு வளையலையும் கழற்றினாள். பதினோரு வருடமாகக் கழற்றாத வளையல். எச்சில் தொட்டுத் திருகித்தான் எடுக்க முடிந்தது. அவள் கல்யாணத்துக்கு அவன் போட்டது.

"இது?"

"அது அசல்மா. நைன் ஒன் சிக்ஸ். நானே நின்னு வாங்குனது."

"அதையும் அப்படித்தானே சொன்னீங்க."

"ஷாமளா. அம்மா மேல ஆணையா."

"அம்மாவ எதுக்கு இழுக்குறீங்க. எதிர்ல ஒரு சீனர் பொற்கடை இருக்கு. வாங்க, போய்ப் பார்த்துட்டு வந்துருவோம்."

"இப்பவா? புள்ள முழிச்சிட்டா?"

"அதுக்குள்ள வந்துரலாம். எனக்கு இது தெரியாம அவ முகத்தப் பார்க்க முடியாதுண்ணே. பதினோரு வருசமா எல்லார்கிட்டயும் காட்டியிருக்கேன்."

சாலையைக் கடக்கும்போது அவள் மூன்று அடி முன்னால் நடந்தாள். வெயில் தார்ச்சாலையில் பளபளத்தது. கடைக்காரர் வளையல்களை வாங்கி, பெருவிரலால் உள்பக்கம் தடவிப் பார்த்து, கறுப்புக் கல்லில் ஒரு கோடு இழுத்தார். சின்னக் குப்பியைத் திறந்து அந்தக் கோட்டில் ஒரு சொட்டு விட்டார்.

குணாளன் கண்ணாடிப் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். அது அசல். அவனுக்குத் தெரியும். தன் மோட்டார் சைக்கிளை விற்று வாங்கியது. ரசீதுகூட வீட்டில் எங்கோ இருக்கும். ஆனாலும் அந்தச் சொட்டு கோட்டின் மேல் நின்றுகொண்டிருந்த நேரம் முழுவதும் அந்த நாளைத் துழாவிக்கொண்டிருந்தான். அன்றைக்கு விலை என்ன இருந்தது? அன்றைக்கும் ஏறியா இருந்தது? அவன் நேராக அந்தக் கடைக்குத்தான் போனானா? பதினோரு வருடத்துக்கு முந்தின குணாளனுக்காக உறுதி சொல்ல அந்தக் கடையில் ஒருவரும் இல்லை. அவனும் இல்லை.

கோடு மாறவில்லை. மஞ்சளாகவே கிடந்தது.

"பெத்துல்," என்றார் கடைக்காரர், சரிதான் என்று தலையசைத்து. "நல்ல பொன். இன்னைக்கு விலை ரொம்ப நல்லாருக்கு. விக்கிறீங்களா?"

ஷாமளா வளையல்களை எடுத்து ஒரு கணம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். போட்டுக்கொள்ளவில்லை. கைப்பைக்குள் போட்டு ஸிப்பை இழுத்தாள்.

"விக்கிறதுக்கு இல்ல. பார்க்கத்தான் வந்தோம்," என்று மலாயில் சொல்லிவிட்டு, வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்து, மருத்துவமனையை நோக்கிச் சாலையைக் கடந்தாள். குணாளன் அவள் பின்னால், மூன்றடி விட்டு, நடந்தான்.